வருஷம் முடிய ஏழெட்டு வாரம் இருக்கும்போது மாடித் தோட்டத்தில் என்ன விளையும்?

இந்த வருஷம் வீட்டுக்கு வேண்டிய காய்கறியில் பாதியாவது மாடியிலேயே விளைய வேண்டும் என்று ஜனவரியில் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மார்ச் வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் சென்னை வெயில், ஆபீஸில் கூடிக்கொண்டே போன வேலை, சொந்தத்தில் அடுத்தடுத்து கல்யாணம் என்று கண் மூடித் திறப்பதற்குள் நவம்பர் வந்துவிட்டது. செடி வளர்க்கும் பைகளில் பழைய மண், ஓரத்தில் ஒரு அவரைக் கொடி, அவ்வளவுதான் மிச்சம்.

இந்த நேரத்தில் மனசு ஒரே பாட்டைப் பாடும். வருஷம் போயே போச்சு, இனி பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. இந்த முறை அதற்கு இடம் கொடுக்கவில்லை, அதற்குக் காரணம் பயிரின் வயசு. விவசாயம் தெரிந்தவர்கள் எந்தப் பயிரைச் சொன்னாலும் அதன் வயசையும் சேர்த்தே சொல்வார்கள். வெந்தயக்கீரைக்கு மூன்று வாரம் போதும், சிறுகீரைக்கு 25 நாள், முள்ளங்கிக்கு 45 நாள், கொத்தமல்லிக்கு 40 நாள். தக்காளி என்றால் நாற்றுக்கே 25 நாள் போய்விடும், பிடுங்கி நட்ட பிறகு பழம் பார்க்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். டிசம்பர் 31-இலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தேன். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்ததுமே மனசு லேசானது, ஏனென்றால் பட்டியலில் மிச்சம் இருந்ததெல்லாம் இந்த வருஷத்துக்குள்ளேயே சட்டிக்கு வரக்கூடியவை.

முதல் வேலை மண். மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மண் எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டி, வேர்களைப் பொறுக்கி எறிந்து, நாள் முழுக்க வெயில் காட்டினேன். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. புது மண் வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வைத்தேன், இது ரொம்ப முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பையின் அடி ஓட்டை தரையோடு ஒட்டி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று வேர் அழுகிவிடும், தளத்திலும் ஈரம் ஊறும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கீரை போடுவதைப் பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள், கொஞ்சம் நியாயமான பயம்தான். கீரை விதை கடுகை விடச் சின்னது, ஒரு பலத்த மழை அடித்தால் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். அதனால் விதையை மணலோடு கலந்து தூவி, முளைத்துக் கொஞ்சம் நிமிரும் வரை மேலே நிழல்வலையைத் தாழ்வாகக் கட்டி வைத்தேன். மழைத்துளியின் வேகம் அதிலேயே உடைந்து தூறலாகத்தான் கீழே இறங்கியது. இளங்கன்று அடித்தண்டில் கருத்துச் சாயும் நாற்றழுகல் நோய்க்கு முன்கூட்டியே ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மண்புழு உரத்தில் கலந்து போட்டிருந்தேன். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும், முழுசாகப் போட்டால் முளைப்பு சரியாக இருக்காது. முள்ளங்கியை நாற்று விடக் கூடாது, எங்கே கிழங்கு வேண்டுமோ அங்கேயே விதை. நெருக்கமாக முளைத்ததைக் களைந்துவிட வேண்டும், களைந்த குருத்துகளை நாங்கள் பருப்போடு கூட்டு வைத்தோம், நல்ல ருசி.

வெந்தயக்கீரைதான் முதலில் வந்தது. நவம்பர் கடைசியில் ஒரு காலை அதைப் பிடுங்கி, அம்மா சப்பாத்தி மாவில் சேர்த்துப் பிசைந்தார். அதற்கு மறுநாளிலிருந்து யாரும் சொல்லாமலே காபிக்கு முன்னால் மாடிக்குப் போக ஆரம்பித்தேன். உற்சாகம் வந்தால் வேலை நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம், எனக்கு அது வந்து சேர்ந்த வழி மூன்று வார வெந்தயக்கீரை. ஆறு மாதப் பயிரோடு ஆரம்பித்திருந்தால் இந்த மழையில் இரண்டாவது வாரமே கைவிட்டிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியும். சோர்ந்திருக்கும் ஒருவரிடம் பெரிய திட்டம் போடு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அவரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடிப்பட்டத்தில் போட்டது, ஊரிலிருந்து வந்த நாட்டு விதை. கொடி கைப்பிடிச் சுவர் முழுக்க ஓடியும் ஒரு பூ கூட இல்லை. இடம் அடைக்கிறதே, அறுத்துவிடலாமா என்று கேட்டேன். அம்மா, "கொடி இருக்கட்டும்டா, பனி விழட்டும், அப்புறம் பாரு" என்றார். விஷயம் இதுதான்: நாட்டு அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும் வகை. சென்னையில் ஜூனில் ஏறக்குறைய 13 மணி நேரமாக இருக்கும் பகல் டிசம்பர் மூன்றாவது வாரத்தில் சுமார் 11 மணி 20 நிமிடத்துக்கு இறங்கிவிடுகிறது. நமக்கு வருஷம் தீர்ந்துவிட்டது என்று தோன்றும் அதே சமயம்தான் அவரைக்கு வேலையே தொடங்குகிறது. இப்போது கொடி முழுக்க ஊதாப் பூங்கொத்து, அடிக்கொத்துகளில் பிஞ்சும் பிடித்திருக்கிறது. கொழுந்தில் அசுவினிப் பூச்சி ஏறப் பார்த்தது, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் அடித்ததில் அடங்கிவிட்டது.

எல்லாமே தேறியது என்று சொல்லவில்லை. டிசம்பர் முதல் வாரத்துக் காற்றழுத்தத் தாழ்வு மழையில் கொத்தமல்லி மஞ்சளடித்துப் பாதி போய்விட்டது. சிறுகீரை நன்றாக வந்து இரண்டு நாள் மசியலுக்கு ஆனது. முள்ளங்கி தோள் மண்ணுக்கு மேலே தெரிய ஆரம்பித்திருக்கிறது, மண் அணைத்துவிட்டிருக்கிறேன். முற்றவிட்டால் உள்ளே நார் ஓடிப் பஞ்சு போல ஆகிவிடும் என்பதால் அளவு பெரிதாகட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முள்ளங்கி பிடுங்குகிறேன். காலியாகும் பைகளில் மறுபடியும் வெந்தயம் தூவிவிடலாம், நாலைந்து நாளில் முளைத்துவிடும். பட்டியலில் அடித்துவிட்ட தக்காளியை இந்த வாரம்தான் குழித்தட்டில் விதைத்தேன். நாற்று தயாராகும்போது தை பிறந்திருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். உங்கள் மாடியில் இந்த மழைக்குத் தாங்கிய கொத்தமல்லி ரகம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த கார்த்திகைக்கு அந்த விதையைத்தான் போடப் போகிறேன்.