7,860 கிலோமீற்றர்

2021 ஒக்டோபரில் வந்த முதல் மின்னஞ்சலில் மூன்று வரிதான் இருந்தது. பிராங்பேர்ட்டுக்கு அருகில் உள்ள ஒரு ஜேர்மன் பல்கலைக்கழகம், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் மாணவர் பரிமாற்றத்துக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தது. வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கிற வேலை அப்போதுதான் என் தலையில் விழுந்திருந்தது. விருப்பம் என்று அன்றைக்கே பதில் போட்டேன். எங்கள் முதல் மாணவி விமானம் ஏறியது 2023 செப்டெம்பர் கடைசியில்.

இரண்டு வருடம் எங்கே போனது என்று பலர் கேட்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகத்தான் காலம் எடுத்திருக்கும் என்று அவர்களே பதிலும் சொல்வார்கள். அப்படி இல்லை. புரிந்துணர்வு ஒப்பந்தம் பீடச் சபைக்குப் போய், மூதவைக்குப் போய், பேரவைக்குப் போய் வந்தது. ஒவ்வொன்றும் கூடும் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டால் அது தன்பாட்டில் நகரும். தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்ற ஒரு வரியில் மட்டும் கொஞ்சம் இழுபறி. இருதரப்பும் பேசித் தீர்ப்பது என்று எழுதி முடித்தோம். விண்ணப்பத்தைப் போடும் உரிமை ஐரோப்பியப் பக்கத்துக்குத்தான் என்பதால் அந்தத் தலையிடியும் எனக்கு இல்லை.

என்னை உண்மையில் வாட்டியது திறமைப்புள்ளி, அதாவது ஒரு பாடத்துக்கு எவ்வளவு உழைப்பு என்று அளக்கிற அலகு. கிரெடிட் என்றால்தான் பிள்ளைகளுக்கு விளங்கும்.

ஒரு அரையாண்டுக்கு எங்கள் மாணவி எடுக்கும் 15 கிரெடிட்டை அப்படியே அவர்களுடைய படிவத்தில் 15 என்று நிரப்பி அனுப்பினேன். "இவர் பகுதிநேர மாணவியா?" என்று பதில் வந்தது. அவர்களுடைய அரையாண்டுக்கு 30. நான் நிரப்பிக் கொடுத்தது பாதிப் படிப்பு. அப்புறம்தான் இரண்டு பக்கத்து விதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. விரிவுரை, பயிற்சி, வீட்டில் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஐரோப்பாவில் ஒன்றுக்கு 25 முதல் 30 மணித்தியாலம். ஜேர்மனியில் பொதுவாக 30 என்றே கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் 3 கிரெடிட் பாடம், அதாவது 150 மணித்தியாலம், அங்கே 5 ஆகிறது. ஆனால் முழு வருடத்தை எடுத்தால் எங்களுக்கு 30, அவர்களுக்கு 60. அந்தக் கணக்கில் அதே பாடம் 6. ஐந்தா ஆறா என்று மூன்று வாரம் மின்னஞ்சலில் கயிறு இழுத்தோம். வேண்டாத வாதம் என்று தோன்றலாம். ஆனால் இதைத் தீர்க்காமல் அனுப்பினால், பிள்ளை அங்கே சித்தியடைந்த பாடத்தை இங்கே திரும்பப் படிக்க வேண்டி வரும். முழு வருடக் கணக்கையே எடுப்பது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். போவதற்கு முன்பே எங்கள் பாடம் எது, அதற்கு ஈடான அவர்களுடைய பாடம் எது என்று வரிக்கு வரி எழுதி இருதரப்பும் ஒப்பமிட்டோம்.

இதற்கு நடுவில் 2022 வந்தது, பொருளாதார நெருக்கடி வருடம். அந்த வருடத்தை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் 31, வியாழக்கிழமை. நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு தொடங்கிய நாள். எங்கள் வாராந்தச் சந்திப்பு அவர்களுக்குக் காலை 10 மணி, எங்களுக்குப் பிற்பகல் 2.30. மடிக்கணினிக்கு முதல்நாளே சார்ஜ் ஏற்றி, இணையத்துக்குக் கைத்தொலைபேசியைத் தயாராக வைத்து, சரியாக 2.30க்கு இணைந்தேன். ஒருவரும் இல்லை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள் என்பதை நான் மறந்துபோனேன். நாலரை மணி நேர வித்தியாசம் மூன்றரை ஆகிவிட்டது. அவர்கள் எங்கள் நேரம் 1.30 இலிருந்து காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். "மின்வெட்டுச் செய்தியைப் பார்த்தோம், உங்கள் சிரமம் புரிகிறது" என்று அன்று மாலை மிக அன்பாக எழுதியிருந்தார்கள். நானும் நன்றி சொல்லி அப்படியே விட்டுவிட்டேன்.

பணம் கிடைத்த பிறகு வந்தது தூரக் கணக்கு. மாதாந்த உதவித்தொகை அப்போது நாட்டைப் பொறுத்து 800 முதல் 900 யூரோவாக இருந்தது; ஜேர்மனிக்கு 850. பயணப் பணம் மட்டும் தூரத்தைப் பொறுத்தது. அந்த வருட விதிப்படி 8,000 கிலோமீற்றரும் அதற்கு மேலும் என்றால் 1,500 யூரோ, குறைந்தால் 820. வானத்தில் நேர்கோடு போட்டுத்தான் அளப்பார்கள். கொழும்பிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு 8,000ஐத் தாண்டுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 7,860. வடக்கே இருப்பதால் நாங்கள் ஐரோப்பாவுக்குக் கிட்டவாம்! அந்தப் பிள்ளையோ இரவு பஸ்ஸில் பல நூறு கிலோமீற்றர் தெற்கே போய்த்தான் கட்டுநாயக்காவில் விமானம் ஏற வேண்டும். படிப்பிக்கிற இடத்திலிருந்துதான் அளப்பது விதி என்றார்கள். விதியில் பிழை சொல்ல இடமில்லை. இருந்தாலும் அந்த 680 யூரோ இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

சரி, அடுத்து பெயரால் வந்த சிக்கல். இதிலும் பிழை என்னுடையதுதான். தெரிவானவர்களின் பட்டியலை அனுப்பும்போது முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் தட்டிவிட்டேன். எங்கள் வழக்கப்படி முன்னால் தகப்பன் பெயர், பின்னால் பிள்ளையின் பெயர். அங்கே முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அனுமதிக் கடிதம் தகப்பன் பெயருக்கு, "திரு" என்ற அடைமொழியோடு வந்து சேர்ந்தது. கடவுச்சீட்டோடு பொருந்தாத அந்தக் கடிதத்தைக் கொண்டு விசாவுக்குப் போக முடியாது. திருத்தி எடுக்கப் பதினொரு நாள். கடிதத்தைப் பார்த்த தகப்பனார் என்னிடம், "மிஸ், அம்பத்தெட்டு வயசில எனக்கும் கம்பஸ் கிடைச்சிட்டுது" என்றார்.

தாயார் அவ்வளவு இலகுவாகச் சிரிக்கவில்லை. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய் ஆவணங்களை உறுதிப்படுத்தி எடுத்து வந்த அன்று, வெளியே வேப்பமர நிழலில் வைத்து என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" கிரெடிட், காப்புறுதி, தங்குமிடம் என்று நான் கட்டிக் கொண்டுபோன கோப்பில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் ஜேர்மனியில் எங்கள் ஆட்களைத் தேடுவது கஷ்டமா என்ன? இரண்டு நாளில் தாயாரே ஒரு ஒன்றுவிட்ட தங்கையைக் கண்டுபிடித்துவிட்டார். ரயிலில் நாற்பது நிமிடத் தூரம். அதற்குப் பிறகுதான் அவர் வாயிலிருந்து "போகட்டும்" என்ற சொல் வந்தது.

அடுத்த தொகுதிக்காகப் புதுப் படிவம் செய்தேன். தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், கடவுச்சீட்டில் உள்ளபடி என்று தடித்த எழுத்தில் குறிப்பு. முதலாவதாக நிரப்பிக் கொண்டுவந்த பொடியன் இரண்டு கட்டத்திலும் முழுப்பெயரையே எழுதியிருந்தான்.