நாற்பதும் நானூறும்

"அப்பா, அந்த போர்டுல நாப்பதுன்னு போட்டிருக்கு. நம்மகிட்ட மட்டும் ஏன் நானூறு கேக்குறாங்க?"

2022 டிசம்பர். பாங்காக்கிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வந்து ஒரு தேசியப் பூங்காவின் வாசலில் காரை நிறுத்தியிருந்தோம். எந்தப் பூங்கா என்பது வேண்டாம். சீட்டுக் கூண்டுக்குள் இருந்த பெண் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தார். வாசலில் இரண்டு பலகைகள். ஒன்று ஆங்கிலத்தில்: பெரியவர்களுக்கு 400 பாட், குழந்தைகளுக்கு 200. மற்றது முழுக்கத் தாய்லாந்து மொழியில், விலை உட்பட. அந்த மொழிக்கென்று தனி எண்கள் இருக்கின்றன. சுழித்துச் சுழித்து எழுதப்பட்ட அந்த வரியில் விலை ஒளிந்திருக்கிறது என்று நாலரை வருடம் அந்த ஊரில் இருந்த எனக்கே உறைக்கவில்லை. பள்ளியில் தாய் எண்களில் வாய்ப்பாடு எழுதிப் பழகிய ஏழு வயதுப் பெண் ஒரே பார்வையில் படித்துவிட்டாள். பெரியவர்களுக்கு 40, குழந்தைகளுக்கு 20.

எங்கள் மூன்று பேருக்கு 1000 பாட். அதே மூன்று பேர் தாய்லாந்துக்காரர்கள் என்றால் 100.

நான் வேலை அனுமதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம். ஓட்டுநர் உரிமத்தையும் நீட்டினேன். அந்தப் பெண் இரண்டையும் வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார், வாக்கி டாக்கியில் யாரிடமோ கேட்டார், பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து "மாய் டாய் கா" என்றார். முடியாதுங்க. பின்னால் கார்கள் சேர ஆரம்பித்துவிட்டன. ஆயிரம் பாட் தாளைக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். அன்றைக்கு அருவியில் நல்ல தண்ணீர். எனக்கு மட்டும் மனசு வாசலிலேயே நின்றுவிட்டது.

சொந்த ஊர் தென்காசி. குற்றாலத்துச் சாரலில் வளர்ந்தவன். அருவியில் தலையைக் கொடுக்க ஆள் பார்த்து விலை சொல்வார்கள் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. 2018இல் வேலைக்காகப் பாங்காக் வந்தேன். சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். சமூகப் பாதுகாப்பு நிதிக்கு மாதாமாதம் 750 பாட் பிடித்தார்கள், தாய் ஊழியர்களுக்குப் பிடிப்பது போலவேதான். சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே வேறு விகிதம் கிடையாது. காட்டு வாசலில் மட்டும் இருக்கிறது.

இது யாரோ ஒரு ஊழியர் செய்யும் ஏமாற்று வேலை இல்லை. அதிகாரப்பூர்வமான கட்டணமே அப்படித்தான். கௌ யாய் பூங்காவில் வெளிநாட்டவருக்கு 400, உள்ளூர்க்காரர்களுக்கு 40. பி பி தீவுகளிலும் அதே கணக்கு. சிமிலான் தீவுகளில் 500க்கு 100. சுற்றுலா வந்தவர் மூன்று நாள் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்; 400 அவருக்கு ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு. இங்கேயே குடியிருக்கிறவன் வருடத்துக்கு ஆறு முறை போவான்.

அந்த வாசல்களில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓரிடத்தில் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே நாற்பது பாட் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் கையில் வாங்கக்கூட இல்லை. ஒரே வாசலில், இரண்டு மாத இடைவெளியில், இரண்டு விலை கொடுத்ததும் உண்டு. காசு போனதைவிட அதுதான் வலித்தது. விதி 400 என்றால் எல்லா நாளும் 400 வாங்கட்டும். குடியிருப்பவருக்குச் சலுகை உண்டென்றால் அதைப் பலகையில் எழுதட்டும். இரண்டும் இல்லாதபோது, கூண்டுக்கு முன்னால் போய் நின்று முகத்தை இளக்கி, எனக்குத் தெரிந்த தாய் சொற்களையெல்லாம் கோத்து, தயவு கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. பின் இருக்கையில் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தாய் பேச்சில் நம்மவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: கேக். விருந்தாளி என்பதுதான் அதன் நேர்ப்பொருள். இந்தியர்கள், மலாய்க்காரர்கள், அரேபியர்கள் எல்லாரையும் அந்தச் சொல்லில் அடக்கிவிடுவார்கள். பாங்காக்கின் சீலோம் பகுதியில் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு ஊர் வழங்கும் பெயரே 'வாட் கேக்'. நவராத்திரியில் அந்தத் தெருவில் தேங்காய் உடைக்க வரும் கூட்டத்தில் பெரும்பாலானோர் தாய்லாந்துக்காரர்கள்தான். அந்தச் சொல்லை யாரும் என்னிடம் வெறுப்போடு சொன்னதில்லை. ஆனாலும் விருந்தாளி என்றால் என்றைக்காவது கிளம்ப வேண்டியவர் என்ற நினைப்பு அதற்குள் இருக்கத்தான் செய்கிறது. வாசலில் 400 கேட்கும்போது அந்தச் சொல் காதில் விழுகிறது.

அலுவலகத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வயதில் மூத்தவர் என்பதால் 'பீ' என்று கூப்பிடுவேன். நம் அண்ணன் மாதிரி. வடகிழக்குத் தாய்லாந்தில் இசான் பக்கத்து விவசாயக் குடும்பம். அவரிடம் ஒருநாள் இதைக் கொட்டித் தீர்த்தேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டு, "எங்க அம்மா முதல்முதலா கடலைப் பாத்தப்ப அவங்களுக்கு ஐம்பது வயசு" என்றார். அப்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார். இசானிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒருவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நாற்பது பாட் விலையில் அந்தக் குடும்பம் காட்டைப் பார்த்துவிடலாம். எல்லாருக்கும் ஒரே விலை, அதுவும் நானூறு என்று வைத்தால் அந்தப் பிள்ளைகள் யானையைப் படத்தில்தான் பார்க்கும். எல்லாருக்கும் நாற்பது என்று வைத்தால் காவலுக்கும் பாதை பராமரிப்புக்கும் காசு எங்கிருந்து வரும்? பாங்காக்கில் 2025 ஜூலை முதல் குறைந்தபட்ச தினக்கூலியே 400 பாட்தான். ஒரு நாள் உடம்பு உழைப்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போ என்று தன் சொந்த மக்களிடம் எந்த அரசும் கேட்கக் கூடாது.

அவர் சொன்னது முழுக்கச் சரி. இரண்டு விலை தவறு என்று அதற்குப் பிறகு நான் பேசியதில்லை. என் கேள்வி ஒன்றுதான்: கோட்டை எங்கே போடுவது? கடவுச்சீட்டின் நிறத்திலா, குடியிருக்கும் முகவரியிலா?

2024 ஜனவரியில் பீயும் அவர் மனைவியும் எங்களோடு தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் கவுன்டரில் நான் முன்னால் போய் நின்றேன். இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. நம் ஊரிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காக 1200 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். நண்பர் சங்கடப்படக் கூடாதே என்ற கவலை வேறு. பலகையை முழுதாகப் படித்தபோதுதான் இன்னொரு வரி கண்ணில் பட்டது. சார்க், பிம்ஸ்டெக் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கும் இந்தியர்களின் கட்டணமே. பிம்ஸ்டெக் என்பது வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் கூட்டமைப்பு. 1997இல் அது பிறந்த இடமே பாங்காக். தாய்லாந்துக் கடவுச்சீட்டை நீட்டினோம், நாற்பது ரூபாய்ச் சீட்டு வந்தது.

பீ அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. ஐந்து ரதங்களுக்கும் அதே சீட்டு. தர்மராஜ ரதத்தின் மேல் வெட்டியிருக்கும் பல்லவ கிரந்த எழுத்துகளை மகள் அவருக்குக் காட்டினாள். தாய்லாந்து எழுத்துக்கு மூலம் கம்போடியாவின் கெமர் எழுத்து. கெமர் எழுத்துக்கு மூலம் பல்லவர் எழுத்து. இது அவர்கள் பள்ளிப் பாடத்திலும் வருகிறதாம். அவர் கல்லை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல நான் விருந்தாளி இல்ல போல" என்றார்.

இரண்டு விலை உலகத்தில் பல இடங்களில் இருக்கிறது. கலாபகோஸ் தீவுகளில் 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டவருக்கு 200 டாலர், ஈக்வடார் குடிமக்களுக்கு 30. அமெரிக்காவில் 2026 தொடங்கி கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில் அங்கே குடியிருக்காத வெளிநாட்டவரிடம் தலைக்கு 100 டாலர் கூடுதலாக வாங்கும் முறை வந்தது. வருடாந்தர அட்டை அங்கே குடியிருப்பவருக்கு 80 டாலர், வெளியிலிருந்து வருபவருக்கு 250. தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்துக் காட்ட ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்குப் பெரிய சுமை. ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. குடியுரிமை வேண்டாம், அங்கே வசிக்கிறாய் என்று காட்டும் அரசு அடையாள அட்டை போதும். மாநில ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தமிழ்ப் பொறியாளரும் 80 டாலர் அட்டையை உரிமையோடு வாங்கலாம். கெஞ்ச வேண்டியதில்லை.

இங்கே நான் கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான். வேலை அனுமதியும் வரி எண்ணும் உள்ளவருக்கு இன்ன விலை என்று பலகையில் ஒரு வரி. கூடவே, நாற்பது என்பதை எல்லாரும் படிக்கிற எண்ணில் எழுதிவிடலாம். இசான் பிள்ளைகளுக்காக வைத்த விலை அது. மறைக்கிற மாதிரி எழுதுவதால்தான், நியாயமான ஒரு காரியம் ஏமாற்று போலத் தோன்றி வாசலில் சண்டையாகிறது.

இவ்வளவு சண்டை போட்டும் காட்டுக்குப் போவதை நாங்கள் நிறுத்தவில்லை. கௌ யாயில் விடியற்காலையில் கிப்பன் குரங்குகள் கூவுவதைக் கேட்டவர்களால் நிறுத்தவும் முடியாது. முதலில் ஒன்று தனியாக மெல்ல இழுக்கும், இன்னொன்று அதன் மேல் ஏறும், ஐந்து நிமிடத்தில் மலை முழுக்கக் கூவல். லம் தகோங் முகாமில் கடமான்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்து புல் மேயும். இருட்டில் அவை மெல்லும் சத்தம் தலைமாட்டில் கேட்கும். 1962இல் அறிவிக்கப்பட்ட, தாய்லாந்தின் முதல் தேசியப் பூங்கா அது. அங்கே ஹேவ் நரோக் என்று ஓர் அருவி இருக்கிறது. நரோக் என்றால் நம் நரகம்தான். 2019 அக்டோபரில் 11 காட்டு யானைகள் அந்த அருவியில் விழுந்து செத்துப்போயின. முதலில் ஆறு என்றார்கள், பிறகு இன்னும் ஐந்து கிடைத்தன. அந்த வாரம் அலுவலகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த யானைகளுக்காக நானும்தான் அழுதேன். பி பி தீவுகளின் மாயா விரிகுடாவை 2018 முதல் 2022 ஜனவரி வரை மூடி வைத்துப் பவளத்தை மறுபடி நட்டார்கள். சுறாக்கள் திரும்பி வந்தன. அதற்கெல்லாம் பணம் வேண்டும். என் பங்கைக் கொடுக்கத் தயங்கியதே இல்லை. சம்பளத்திலும் கொடுக்கிறேன்.

2025 நவம்பரில் அப்பா வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், முதல் வெளிநாட்டுப் பயணம். அவரையும் கூட்டிக்கொண்டு வேறொரு பூங்காவுக்குப் போனோம். வழியெல்லாம் மகள் தாத்தாவுக்கு விலை விவகாரத்தை விளக்கிக்கொண்டே வந்தாள். கூண்டில் ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்தேன். அந்த இளைஞர் பார்த்துவிட்டு, எங்கள் மூவருக்கும் உள்ளூர் விலை போட்டார். அப்பாவைக் கைகாட்டி "இவர்?" என்றார். சுற்றுலா வந்தவர் என்றேன். நானூறு என்றார், கொஞ்சம் தயங்கி.

நான் பணத்தை எடுப்பதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து நான்கு நூறு பாட் தாள்களை எண்ணி நீட்டிவிட்டார். "நான் விருந்தாளிதானே. வீட்டுக்குள்ள விடுறாங்க, வெறுங்கையோட போகலாமா?" என்றார். சீட்டை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போய் எல்லாரிடமும் காட்டினாராம்.

வண்டி நிறுத்துமிடத்தில் மகள் அவரை விடவில்லை. நோட்டைத் திறந்து, பலகையில் இருந்த நாற்பதைத் தாய் எண்ணில் எழுதிக் காட்டினாள். அவர் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு பென்சிலை வாங்கி, அதற்குப் பக்கத்தில் பொறுமையாக ௪௰ என்று எழுதினார்.

"இதென்ன தாத்தா?"

"இதுவும் நாப்பதுதாம்மா. நம்ம எண்ணு."

அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றிலிருந்து பத்து வரை எழுதித் தரச் சொல்லி நோட்டை அவர் மடியில் வைத்தாள்.