திரிசூலத்துக்கு ஒரு அஞ்சு ரூபாய் டிக்கெட்

போன மாதம் அத்தை மகன் தோஹாவிலிருந்து வந்தான். காலை நேர விமானம். கூட்டிக்கொண்டு வரப் போயிருந்தேன். வீடு பம்மலில்தான், விமான நிலையத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம், அதுதான் பிரச்சினையே. சென்னையில் எந்த டாக்ஸிக்காரருக்கும் எட்டிப் பிடிக்கிற தூரம் பிடிக்காது. செயலியில் பதிவு செய்தால் உடனே போன் வரும், "எங்க சார் டிராப்?" என்று கேட்பார்கள், பம்மல் என்றதும் ஒரு சின்ன மௌனம், அடுத்த நிமிடம் ரத்து. மூன்று முறை இப்படி ஆனது. நான்காவது முறை நானே போனை சட்டைப் பையில் போட்டுவிட்டு, வாடா, ட்ரெயின்ல போயிடலாம் என்றேன்.

"என்ன மச்சான், கத்தார்லேருந்து வர்றவனை எலெக்ட்ரிக் ட்ரெயின்ல கூட்டிட்டுப் போறே?" என்றான். ஆனாலும் வந்தான். ரெண்டு பெட்டிகளையும் உருட்டிக்கொண்டு வெளியே வந்து, ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் இறங்கி ஏறினால் திரிசூலம் ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். ஆளுக்கு அஞ்சு ரூபாய். டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "பெட்டிக்கு பிளாஸ்டிக் சுத்துனதுக்கே இதைவிட எத்தனையோ மடங்கு குடுத்தேன்" என்றான்.

சென்னை விமான நிலையத்தைத் திட்டுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை, நானும் திட்டுகிற ஆள்தான். ஆனால் இறங்கிய கையோடு சாலையைத் தாண்டி அஞ்சு ரூபாய்க்கு வீட்டுப் பக்கம் போய்ச் சேரலாம் என்கிற வசதி எத்தனை ஊரில் இருக்கிறது? ஊருக்கு வெளியே இருந்த இடத்தை ஊரே வந்து சூழ்ந்துகொண்டதால் கிடைத்த வசதி இது. இந்த இடத்தின் பெரும்பாலான தலைவலிகளுக்கும் அதேதான் காரணம்.

இந்தப் பக்கத்து மண் ரொம்பப் பழசு. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற புவியியலாளர் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில்தான். ரயிலில் வரும்போது தெரிகிற குன்றுகளின் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர், அதன் மாதிரி ஒன்று தேசியப் புவியியல் சின்னம் என்ற பலகையோடு பரங்கிமலையில் இருக்கிறது. திரிசூலம் குன்றுகளுக்கு நடுவே சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்றும் இருக்கிறது. ஸ்டேஷன் பெயரும் ஊர்ப் பெயரும் அந்த சாமியை வைத்துத்தான்.

விமானத்துக்கும் பல்லாவரத்துக்குமான உறவு விமான நிலையத்துக்கும் முந்தியது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஆஞ்ஜலிஸ் என்பவர் 1910-ல், ரைட் சகோதரர்கள் பறந்து ஏழே வருஷத்தில், சிம்ப்சன் கம்பெனி உதவியோடு சொந்தமாக ஒரு விமானத்தைச் செய்து பல்லாவரத்தில்தான் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் தீவுத்திடலில் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டினார். ஹோட்டல்காரருக்கு விமானம் எதற்கு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருப்பார்கள். 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானத்தை ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டிவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸ் வரை கொண்டுவந்தார். ஏர் இந்தியாவின் கதை தொடங்குவது அங்கேதான்.

பழைய பயணிகள் கட்டிடம் இன்றைய இடத்தில் இல்லை, மீனம்பாக்கம் பக்கம் இருந்தது. அதனால்தான் வயசானவர்கள் இன்னும் விமான நிலையம் என்று சொல்வதில்லை, "மீனம்பாக்கம் போகணும்" என்பார்கள். 1984 ஆகஸ்ட் 2 அன்று குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தது அந்தப் பழைய கட்டிடத்தில். எண்பதுகளின் பிற்பாதியில் திரிசூலம் பக்கம் காமராஜர் பெயரில் உள்நாட்டு முனையமும் அண்ணா பெயரில் பன்னாட்டு முனையமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. சரக்கு வேலைகள் பழைய இடத்திலேயே நடக்கின்றன. ஊர் பெயர் 1996-ல் சென்னை ஆகிவிட்டது, ஆனால் பெட்டியில் ஒட்டுகிற சீட்டில் எம்.ஏ.ஏ. என்று இன்னும் மதராஸ்தான்.

2013-ல் கண்ணாடியும் இரும்புமாகப் புதுக் கட்டிடங்கள் வந்தன. திறந்த பிறகு கண்ணாடிகளும் கூரைத் தகடுகளும் ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்க, பத்திரிகைகள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எண்ணிக்கை போட்டன. அரை சதத்துக்கு வாழ்த்து சொன்ன ஊர் இது. 2023 ஏப்ரலில் 1,260 கோடி ரூபாயில் டி2 என்கிற புது முனையம் திறந்தார்கள், கோலமும் புடவை வேலைப்பாடுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது பன்னாட்டு விமானங்கள் டி2-வில், உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 இரண்டிலும். டி4 என்பது 2013-ல் பன்னாட்டுக்காகக் கட்டியது. பழைய நினைப்பில் வருகிறவர்கள் டிக்கெட்டை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது, பெட்டியோடு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பது சாமானிய நடை இல்லை. எதிரே பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது, கூடவே கடைகளும் சினிமா தியேட்டரும். ஆளை ஏற்றிவிட வந்து படம் பார்த்துவிட்டுப் போன குடும்பங்கள் எனக்கே தெரியும்.

மெட்ரோ வந்தது 2016 செப்டம்பரில், முதலில் சின்னமலை வரைதான். இப்போது நீல வழித்தடத்தில் விம்கோ நகர் வரை ஒரே வண்டியில் போகலாம், கோயம்பேடு போகிறவர்கள் ஆலந்தூரில் மாறிக்கொள்ள வேண்டும். ஏ.சி., பெட்டி வைக்க இடம், எல்லாம் சரி. ஆனால் மெட்ரோ இரவு 11 மணியோடு படுத்துவிட்டுக் காலை 5 மணிக்குத்தான் எழுந்திருக்கிறது. மின்சார ரயிலும் நள்ளிரவுக்கு மேல் கிடையாது. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற, வருகிற விமானங்களில் ஒரு பெரிய கூட்டம் புழங்குவது சரியாக அந்த நடுச்சாம நேரத்தில். ராத்திரி ரெண்டு மணிக்கு வெளியே வந்து பாருங்கள், திருவிழாக் கூட்டம், ஒரு ரயிலும் இருக்காது. விடியும்வரை உள்ளே உட்கார்ந்திருந்து முதல் வண்டியைப் பிடிக்கிறவர்கள் உண்டு. நான் கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன்.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, விமான நிலையத்தில் இறங்கி ஊர்ப் பக்கம் போகக் கோயம்பேட்டுக்கு வடக்கே போய் மறுபடி தெற்கே திரும்பி வருகிற கூத்து இல்லை. ஜி.எஸ்.டி. சாலையிலேயே நேராகத் தெற்கே மாநகரப் பேருந்தில் போகலாம், இல்லையென்றால் திரிசூலத்தில் ரயில் ஏறி வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கிக்கொள்ளலாம். மெட்ரோவையும் கிளாம்பாக்கம் வரை நீட்டப்போவதாகத் திட்டம் இருக்கிறது. வரட்டும்.

சரி, தலைவலிக்கு வருவோம். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, ரயில் பாதை, அதை ஒட்டி மலை. இன்னொரு பக்கம் அடையாறு. சுற்றிலும் வீடுகள், ராணுவ இடம். நீட்டுவதற்கு இடமே இல்லாமல் இரண்டாவது ஓடுபாதையை ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டினார்கள். ஆறு சும்மா இருக்குமா? 2015 டிசம்பர் 1 இரவு தண்ணீர் உள்ளே வந்து, விமானங்கள் குளத்தில் எருமை மாதிரி நின்றன. கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடிக் கிடந்தது, நடுவில் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை விட்டார்கள். 2023 மிக்ஜாம் புயலுக்கும் மூட வேண்டியிருந்தது.

வருஷத்துக்கு ரெண்டு கோடிப் பேருக்கு மேல் வந்து போகிறார்கள், இடம் பத்தாது என்பது உண்மைதான். புது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022-ல் அறிவித்தார்கள், சென்னையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வயலும் ஏரியும் போகிறதே என்று அந்தப் பக்கத்து ஏகனாபுரத்துக்காரர்கள் வருஷக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். ஏரிக்கரையில் கட்டினால் என்ன ஆகும் என்று அடையாற்றங்கரைக்காரர்களைக் கேட்டாலே சொல்வார்களே என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் தெரு ஓடுபாதைக்கு நேரே இருக்கிறது. சின்ன வயசில், மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்துத் தூர்தர்ஷன் பார்த்த காலத்தில், விமானம் தாண்டும்போதெல்லாம் டி.வி. படம் அலையலையாக நெளியும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் ஓடும்போது நெளிந்தால் தெருவே சேர்ந்து திட்டும். கேபிள் வந்ததோடு அந்தத் தொல்லை போயிற்று, சத்தம் மட்டும் போகவில்லை. அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருக்கிறார். விமானம் தலைக்கு மேலே வந்ததும் பேச்சை அப்படியே நிறுத்திவிடுவார், சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். போனில் பேசுகிற வெளியூர்க்காரர்கள் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள்.

அன்றைக்குப் பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியை உள்ளே வைக்கக்கூட விடாமல் அவன் கன்னத்தைத் தொட்டு, "ஏண்டா, இப்படி எலும்பா வந்து நிக்கிறியே, அங்கே வேளாவேளைக்கு..." என்று ஆரம்பித்தார். மேலே விமானம். கை கன்னத்திலேயே இருக்க நிறுத்திக்கொண்டார். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம், சக்கரத்தை இறக்கிவிட்டிருந்தது, வால் கூரைக்குப் பின்னால் மறைந்தது.

"...சாப்பிடுறியா இல்லையா?" என்றார்.