மூன்று ஓட்டு

273-க்கு 276. பிரெக்ஸிட் காலத்து எண்களில் எது மறந்தாலும் இது எனக்கு மறக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகலாமா என்ற 2016 பொதுவாக்கெடுப்பில் வந்த 52-க்கு 48 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, பிரதமர் தெரேசா மே தன் விலகல் ஒப்பந்தத்தில் 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் 2019 ஏப்ரல் 1, திங்கட்கிழமை இரவு, "வெளியே போவது போகட்டும், சுங்க ஒன்றியத்திலாவது (தங்களுக்குள் சுங்க வரி இல்லாமல், வெளிச்சரக்குக்கு ஒரே வரி வைக்கும் கூட்டு) ஐரோப்பாவோடு சேர்ந்தே இருப்போம்" என்று ஆளும் கன்சர்வேட்டிவ் எம்.பி. கென் கிளார்க் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் மூன்றே மூன்று ஓட்டில் தோற்றுப்போனதை இப்போது யாரும் பேசக் காணோம்.

அன்று இரவு ஸ்விண்டனில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் பக்கத்து வீட்டுக்காரருடைய பாஸ்போர்ட்டின் மேல் என் போனை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கோவாக்காரர். கையில் இருப்பது போர்த்துகல் பாஸ்போர்ட். ஐரோப்பியக் குடிமக்கள் இனி இங்கே தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி, அந்தத் திட்டத்தை இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமைதான், எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். அதற்கான செயலி அப்போது ஆண்ட்ராய்டு போனில் மட்டும்தான் ஓடும். அவரிடம் இருந்தது ஐபோன். அதனால் வேலைக்குப் போகும் முன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார், அவருக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்ட். முதலில் பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும், அப்புறம் உள்ளே இருக்கும் சிப்பைப் படிக்க போனை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டு தடவை படிக்கவில்லை. போன் உறையைக் கழற்றிவிட்டு மூன்றாம் தடவை வைத்தபோது பச்சை டிக் வந்தது. பிறகு திரை பல நிறத்தில் மின்ன, அவர் அதற்கு முன்னால் முகத்தை ஆடாமல் வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்கும் பையனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அடுத்த அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சபாநாயகர் ஜான் பெர்கோ ஒவ்வொரு தீர்மானமாக முடிவை வாசித்தார். நான்கு தீர்மானம், நான்கும் தோல்வி.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் எனக்கு ஓட்டு இருந்தது, அவருக்கு இல்லை. இங்கே சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் ஓட்டுப் போடலாம் என்பது விதி. நான் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவன், வந்து இரண்டே வருஷம், வேலை முடிந்தால் ஊருக்குத் திரும்பிவிடுவேனோ என்னவோ என்ற நிலைமை. ஆனாலும் போய் ஓட்டுப் போட்டேன். அவர் 2013-லிருந்து இங்கே இருப்பவர், இங்கேதான் இனி வாழ்க்கை என்று முடிவு செய்துவிட்டவர். ஆனால் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தவிர மற்ற ஐரோப்பிய நாட்டுக்காரர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை. கோவா 1961 வரை போர்த்துகல் வசம் இருந்ததால் அதற்கு முன் அங்கே பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளை, பேரப்பிள்ளைகளும் போர்த்துகல் குடியுரிமை கேட்டு வாங்க முடியும். அப்படி வாங்கிக்கொண்டு வந்த கோவாக் குடும்பங்கள் ஸ்விண்டனில் ஏராளம். அவர் இந்திய பாஸ்போர்ட்டை விட்டுக் கொடுக்காமலே இங்கே வந்திருந்தால் ஓட்டுப் போட்டிருப்பார். யாருடைய வாழ்க்கை அதிகம் மாறப்போகிறதோ அவர்களைக் கேட்காமலே எடுத்த முடிவு அது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

நான் இருப்போம் என்று போட்டேன். ஊர் போவோம் என்று போட்டது, ஸ்விண்டனில் 54.7 சதவீதம். சரி, போவது என்றாகிவிட்டது. எப்படிப் போவது? வாக்குச்சீட்டில் அது இல்லை. உறுப்பினராக இருப்பதா, விலகுவதா, அவ்வளவுதான் கேள்வி. நார்வே மாதிரி சந்தைக்குள் இருந்துகொண்டு விலகுவதும் விலகல்தான், எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டு போவதும் விலகல்தான். 1 கோடியே 74 லட்சம் பேர் விலகுவோம் என்றார்கள், அவர்கள் மனதில் எத்தனை விதமான விலகல் இருந்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதைப் பேசி முடிக்காமலே, 2017 மார்ச் 29 அன்று ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50-வது பிரிவின்படி விலகல் கடிதம் கொடுத்து இரண்டு வருஷக் கெடுவைத் தொடங்கிவிட்டார்கள். மேயின் பிழை மட்டும் என்று சொல்ல மாட்டேன், அதற்கு அனுமதி தந்த மசோதாவை மக்களவை இரண்டாம் வாசிப்பில் 498-க்கு 114 என்று ஆதரித்தது, லேபர் கட்சித் தலைமையும் சேர்ந்துதான். பிறகு பெரும்பான்மையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஜூனில் தேர்தல் வைத்து, இருந்த பெரும்பான்மையையும் மே பறிகொடுத்தார். 317 இடம். வட அயர்லாந்து பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்னும் டியூபி கட்சியின் 10 எம்.பி.க்கள் தயவில்தான் ஆட்சி. எந்த இடத்தில் சிக்கல் மிகப் பெரியதோ அந்த இடத்து எம்.பி.க்கள் கையிலேயே சாவி போய்ச் சேர்ந்தது.

பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லையைப் பற்றி இங்கே இங்கிலாந்தில் 2016-இல் அநேகமாக யாரும் பேசவே இல்லை. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை. ஒரு காலத்தில் ராணுவக் காவல் கோபுரங்கள் நின்ற எல்லை. 3,500-க்கும் மேற்பட்டவர்களைக் காவு வாங்கிய சண்டைக்குப் பிறகு, 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்தால் கோபுரங்கள் போய், இன்றைக்கு ஒருவர் காரில் போகும்போது சாலைப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறினால்தான் நாடு மாறிவிட்டது என்றே தெரியும். அங்கே மறுபடி ஒரு சோதனைச் சாவடி கூட வரக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடுதான் பேக்ஸ்டாப். வேறு நல்ல வழி கிடைக்கும் வரை பிரிட்டன் முழுக்க ஐரோப்பாவோடு ஒரு சுங்க ஏற்பாட்டுக்குள் இருக்கும் என்றது அது. தானாக அதிலிருந்து வெளியேறவும் முடியாது. விலகலைத் தீவிரமாகக் கேட்டவர்கள் இது பொறி என்றார்கள். வட அயர்லாந்துக்கு மட்டும் சில விதிகள் தனியாக இருக்கும் என்பதால் டியூபி ஒத்துக்கொள்ளவே இல்லை.

மே ஐரோப்பாவோடு பேசி முடித்தது 585 பக்க விலகல் ஒப்பந்தம். 2019 ஜனவரி 15 இரவு அது ஓட்டுக்கு வந்தது. லேபர் எம்.பி. துலிப் சித்திக் நிறைமாதக் கர்ப்பிணி. சிசேரியனைத் தள்ளிவைத்துவிட்டு சக்கர நாற்காலியில் ஓட்டுப் போட வந்தார். வர முடியாத ஒருவருக்கு ஈடாக எதிர்த்தரப்பில் ஒருவர் ஓட்டுப் போடாமல் இருந்துகொள்வது அங்கே பழைய வழக்கம். ஆனால் முந்தைய ஜூலையில் பிரசவ விடுப்பில் இருந்த ஓர் எம்.பி.யிடம் தந்த அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை, தவறுதலாக நடந்தது என்று பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கப்புறம் யார் நம்புவார்கள்? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவரை, எம்.பி.க்கள் ஓட்டுப் பதிய நடந்துபோகும் லாபிக்குள் கூட்டிப்போன செய்தியைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அந்த மாதக் கடைசியிலேயே பிரசவத்துக்குப் போனவர்கள் பதிலாள் மூலம் ஓட்டுப் போடும் முறை வந்தது, அதை முதலில் பயன்படுத்தியவரும் அவர்தான். மூன்று வருஷ இழுபறியில் அந்தச் சபை உருப்படியாகச் செய்த ஒரு காரியம் என்று இதைச் சொல்வேன்.

432-க்கு 202. நவீன காலத்தில் எந்த அரசும் மக்களவையில் அவ்வளவு பெரிய தோல்வி கண்டதில்லை. அன்று நான் வீட்டில் கைதட்டினேன். ஒப்பந்தம் செத்தால் மறு வாக்கெடுப்பு வரும், ஐரோப்பாவிலேயே இருந்துவிடலாம் என்று நம்பினேன். எனக்கு அப்போது உறைக்காத விஷயம் என்னவென்றால், அதே இரவில் விலகலைத் தீவிரமாகக் கேட்ட கன்சர்வேட்டிவ் எம்.பி. ஜேக்கப் ரீஸ்-மாக்கின் ஆட்களும் கைதட்டினார்கள். ஒப்பந்தம் செத்தால் ஒன்றுமே இல்லாமல் அறுத்துக்கொண்டு போகலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. இரண்டு கூட்டமும் ஒரே லாபி வழியாக நடந்து போய் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டது. யாரோ ஒருத்தர் கணக்கு தப்பு என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 12-இல் மறுபடி தோல்வி, 391-க்கு 242. மறுநாள் ஒப்பந்தமில்லாமல் போகக் கூடாது என்று ஓட்டு, அதற்கு மறுநாள் கெடுவை நீட்டுங்கள் என்று ஓட்டு. ஒரே தீர்மானத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று 1604-ஆம் வருஷத்து மரபை எடுத்துக் காட்டினார் பெர்கோ. விலகியிருக்க வேண்டிய நாளான மார்ச் 29 அன்றே மூன்றாம் முறை, 344-க்கு 286. இது நிறைவேறினால் பதவியை விட்டே போய்விடுகிறேன் என்று மே சொல்லிப் பார்த்தும் 58 ஓட்டு குறைந்தது.

ஸ்விண்டனில் அந்த வாரங்களில் கடையிலும் பஸ்ஸிலும் இதைவிட ஹோண்டாதான் பேச்சு. 3,500 பேர் வேலை செய்த தொழிற்சாலையை 2021-இல் மூடப் போவதாக பிப்ரவரியில் அறிவித்திருந்தார்கள். பிரெக்ஸிட் காரணமில்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனால் பேசுகிறவர்கள் யாரும் இரண்டையும் பிரித்துப் பேசவில்லை.

அரசால் முடியவில்லை என்றதும், கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆலிவர் லெட்வின் முயற்சியில் எம்.பி.க்களே சபையின் நேரத்தைக் கையில் எடுத்து, எதற்குத்தான் பெரும்பான்மை இருக்கிறது பார்ப்போம் என்றார்கள். மார்ச் 27-இல் எட்டு வழிகள். எட்டும் தோல்வி. அதைப் பார்த்து உலகமே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டும் தோற்றாலும் எது எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

ஏப்ரல் 1-இல் நான்காகக் குறைத்தார்கள். சுங்க ஒன்றியம் 273-க்கு 276. இன்னொரு கன்சர்வேட்டிவ் எம்.பி. நிக் போல்ஸ் கொண்டுவந்த பொதுச்சந்தைத் திட்டம் 261-க்கு 282. எந்த முடிவானாலும் மக்களிடம் மறு வாக்கெடுப்பு என்பதற்கு 280-க்கு 292. விலகலையே ரத்து செய்யும் அதிகாரத்துக்கு 191-க்கு 292. அமைச்சரவை ஓட்டே போடவில்லை. முடிவு வந்ததும் போல்ஸ் எழுந்து, தன் கட்சி சமரசத்துக்கு வர மறுப்பதால் தோற்றுவிட்டதாகவும் இனி அந்தக் கட்சியில் உட்கார முடியாது என்றும் சொல்லிவிட்டு, குரல் உடைந்து, காகிதங்களை எடுத்துக்கொண்டு நடந்தார். போகாதே நிக் என்று யாரோ கூப்பிட்டது டிவியில் கேட்டது.

மூன்று ஓட்டு என்றால் இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் போதும். மறு வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்ற எம்.பி.க்களில் ஒரு பகுதியினர் சுங்க ஒன்றியத்தை ஆதரிக்கவில்லை. சிலர் எதிர்த்துப் போட்டார்கள், சிலர் போடவே இல்லை. அதை ஏற்றுக்கொண்டால் விலகலை ஏற்றதாகிவிடும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் அது என் வாதமும்தான். ஒன்பது நாள் முன்னால், மார்ச் 23 அன்று, பார்க் லேனிலிருந்து நாடாளுமன்றச் சதுக்கம் வரை போன பேரணியில் நானும் நடந்தேன். பாதி வேண்டாம், முழுசாக வேண்டும் என்றுதான் அன்று எல்லாரும் கத்தினோம். சுங்க ஒன்றியம் கிடைத்திருந்தால் அயர்லாந்துச் சிக்கல் முழுக்கத் தீர்ந்திருக்காது, ஆனால் பெரும்பகுதி இறங்கியிருக்கும். டோவரில் லாரிக்காரர்களின் காகித வேலை குறைந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் விண்ணப்பம் எப்படியும் போட்டிருக்க வேண்டும்தான், ஆள் வந்து போகும் உரிமை வேறு விஷயம். இருந்தாலும், கிடைத்த இடத்தில் காலை ஊன்றிக்கொள்ளாமல் விட்டோம் என்றுதான் இன்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, இதே மாதிரி இன்னொரு சுற்று ஓட்டு வைக்கலாமா என்ற திருத்தம் 310-க்கு 310 என்று சமமாக வந்தது. இல்லாத ஒரு பெரும்பான்மையைச் சபாநாயகர் தன் ஓட்டால் உண்டாக்கக் கூடாது என்ற மரபுப்படி பெர்கோ வேண்டாம் என்று போட்டார். அவ்வளவுதான், மூன்றாம் சுற்று வரவில்லை. அதே இரவு கெடு நீட்டிப்பு மசோதா 313-க்கு 312 என்று ஒரே ஓட்டில் தேறியது. அப்புறம் தெரேசா மேயும் லேபர் தலைவர் கார்பினும் வாரக்கணக்கில் பேசினார்கள், அதிலும் சுங்க ஒன்றியம்தான் பேச்சு, மே மாதம் 17-இல் அதுவும் முறிந்தது.

மீதி எல்லாருக்கும் தெரிந்தது. போரிஸ் ஜான்சன் வந்தார், நாடாளுமன்றத்தை முடக்கினார், உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அது செல்லாது என்றார்கள். கொறடா உத்தரவை மீறிய 21 பேர் கட்சிக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், அதில் கென் கிளார்க்கும் ஒருவர், சுமார் ஐம்பது வருஷம் எம்.பி.யாக இருந்தவர். டிசம்பர் 12 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 365 இடம். இழுபறி அன்றோடு முடிந்தது. 2020 ஜனவரி 31-இல் விலகல், பிறகு சந்தையும் இல்லை, சுங்க ஒன்றியமும் இல்லை, சோதனைகள் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலுக்கு வந்தன.

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சில நாளில் மின்னஞ்சல் வந்தது, நிரந்தரமாக இருக்கலாம் என்று. அட்டை எப்போது வரும் என்று கேட்டார். அட்டை கிடையாது, எல்லாம் இணையத்தில்தான் இருக்கும், கேட்டால் காட்ட வேண்டும் என்றேன். அவருக்கு மனசு ஒப்பவில்லை. அந்த மின்னஞ்சலை அச்செடுத்துத் தரச் சொன்னார், இது ஆதாரம் ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது என்று காட்டினேன், பரவாயில்லை கொடு என்றார். லேமினேட் பண்ணி பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் கூடப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.