குறுக்குத்துறைப் படித்துறையில் புரிந்த புவித்தட்டு

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழிலேயே எழுதத் தயாரானேன். பாளையங்கோட்டையில் எழுதிய முதல் மாதிரித் தேர்வில், 'புவித்தட்டுகள் (பூமியின் வெளி ஓடாக அமைந்த பெரும் பாறைப் பலகைகள்) ஏன் நகர்கின்றன?' என்ற கேள்விக்கு 15க்கு 4 மதிப்பெண்தான் கிடைத்தது. 'உருகிய குழம்பின் மேல் தட்டுகள் மிதக்கின்றன. வெப்பச்சலனம் (சூடானது மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கும் சுழற்சி) அவற்றைத் தள்ளுகிறது' என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தயவுசெய்து நீங்கள் அப்படி எழுதாதீர்கள். தட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் பெரும்பாலும் திடப்பாறை. கடும் வெப்பத்தில் இளகி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் நகர்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு இது விளங்கியது குறுக்குத்துறையில். துவைப்பதற்காக அம்மா படியில் வைத்திருந்த சேலையின் முந்தி நழுவித் தாமிரபரணிக்குள் விழுந்தது. தண்ணீர் குடித்த முந்தி கனத்து இறங்க இறங்க, காய்ந்து கிடந்த மீதிச் சேலையும் படிப்படியாக அதன் பின்னாலேயே போயிற்று. யாரும் தள்ளவில்லை.

கடலடித் தட்டும் அப்படித்தான். நடுக்கடல் மலைத்தொடரில் பிறக்கும்போது சூடாக, இலேசாக இருக்கிறது. விலகிப் போகப் போக ஆறி, தடித்து, கனக்கிறது. அகழியை (கடலடியின் ஆழமான பள்ளத்தை) எட்டியதும் கவசத்துக்குள் அமிழ்ந்து, பின்னாலுள்ள தட்டையும் இழுக்கிறது. ஆழத்து அழுத்தத்தில் அதன் பசால்ட் என்ற எரிமலைப் பாறை இன்னும் அடர்ந்த எக்லோகைட் என்ற பாறையாக மாறுவதால் இழுவை மேலும் கூடுகிறது. முதன்மை விசை இந்த இழுவைதான். உயர்ந்த மலைத்தொடரிலிருந்து சரிவதால் வரும் தள்ளுவிசை அதற்கு அடுத்தது. வெப்பச்சலனத்தை இதிலிருந்து பிரித்து எழுதவும் வேண்டாம். அமிழும் தட்டே அந்தச் சுழற்சியில் குளிர்ந்து இறங்கும் பகுதி. சான்றுக்கு, ஓரங்களில் பெருமளவு அமிழும் பசிபிக் தட்டு வேகமாகவும், அமிழும் ஓரம் குறைந்த ஆப்பிரிக்கத் தட்டு மெதுவாகவும் நகர்வதைக் காட்டுங்கள்.

வரலாற்றுக்கு நான்கு வரி போதும். 1912இல் வெகெனர் கண்டப் பெயர்ச்சியை முன்வைத்தார்; நகர்த்தும் விசையைக் காட்ட முடியாததால் பலர் ஏற்கவில்லை. 1962இல் ஹெஸ் கடற்தளம் விரிவதை விளக்கினார். 1963இல் வைனும் மேத்யூஸும் கடலடிப் பாறையில் திசை மாறி மாறிப் பதிந்த காந்தப் பட்டைகளைக் கொண்டு அதற்கு வலுச்சேர்த்தார்கள்.

நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தரலாம். பொதிகை மலைப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. கடலடிப் பாறையோ பெரும்பாலும் 20 கோடியைத் தாண்டுவதில்லை, அதற்குள் அமிழ்ந்துவிடுகிறது. கண்டப் பாறை இலேசானது, எளிதில் அமிழாது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதியபோது நிலம் மடிந்து இமயமாக எழுந்ததும் அதனால்தான்.

படம் வரையாமல் விடாதீர்கள். அமிழும் முனையில் கீழ்நோக்கி ஒரு நீண்ட அம்புக்குறியும், மலைத்தொடரில் ஒரு சிறிய அம்புக்குறியும் போடுங்கள். அடுத்த மாதிரித் தேர்வில் இதே கேள்விக்கு ஒன்றரைப் பக்கமும் இந்தப் படமும்தான் கொடுத்தேன். 11 மதிப்பெண் வந்தது.