மணமகள் அறையில் பதிவறை

நிலவரிக் கணக்கு ஆண்டான பசலி முடிகிற ஜூன் மாதத்தில் ஒரு வருவாய் அலுவலகத்தைக் காலி செய்யச் சொல்பவருக்கு வருவாய்த் துறையும் தெரியாது, கிருஷ்ணகிரியும் தெரியாது. ஒரு பக்கம் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி கழுத்தில் நிற்கும். மறுபக்கம், மாங்காய்ப் பருவத்தில் எங்கள் ஊரில் வாடகைக்கு ஒரு டெம்போ கிடைக்காது. இருப்பதெல்லாம் மாங்கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஆனாலும் உத்தரவு வந்துவிட்டது. நான் அப்போது, முடிந்த கோப்புகளைக் காக்கும் பதிவறையின் எழுத்தர்.

கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. இடையில் எவரோ ஒழுகலை நிறுத்துவதாக நினைத்து மேலே சிமென்ட் பூசிவிட்டார். சுண்ணாம்பு மூச்சு விடும், சிமென்ட் விடாது. உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் விட்டங்களைத் தின்றது. சிமென்டைக் கொத்தி எடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்த சுண்ணாம்பைப் பூச எட்டு மாதம் ஆகும் என்றார் பொறியாளர். அதுவரை எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம்.

"சட்டசபையே குடிபெயர்ந்திருக்கிறது, நமக்கென்ன?" என்றார் தலைமை எழுத்தர். அது உண்மைதான். 1952 தேர்தலில் சென்னை மாநிலச் சட்டசபைக்கு 375 பேர் வந்தபோது கோட்டை மண்டபம் போதவில்லை. மவுண்ட் ரோடு அரசினர் தோட்டத்தில் அவசரமாகக் கட்டிய மண்டபத்தில்தான் கூடினார்கள். முதலமைச்சர் எங்கள் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 1957இல் சபை கோட்டைக்குத் திரும்பியது. அந்த மண்டபம் பாலர் அரங்கமாகி, பிறகு கலைவாணர் அரங்கமானது. அதே இடத்தில் புதிதாக எழுப்பிய அரங்கத்துக்கு 2020 செப்டம்பரில், கொரோனாவுக்காக இடைவெளி விட்டு உட்கார, சபை மறுபடி வந்தது. கனடாவில் பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதற்காக 2019 முதல் மக்களவை பக்கத்துக் கட்டடத்தின் முற்றத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே கூடுகிறது. செனட் ஒரு பழைய ரயில் நிலையத்தில். ரயில் நிலையத்தில் செனட் கூடலாம் என்றால் மணமகள் அறையில் பதிவறை இருக்கலாம்.

அப்படித்தான் இருந்தது. பந்திக் கூடத்து நீள மேசைகளில் பிரிவுகள் உட்கார்ந்தன. அதிகாரி மணமேடையில். பின்னால் தெர்மாகோல் தோரணத்தின் பசைத்தடம் மாலை வடிவில் அப்படியே இருந்ததால், மனுவோடு வருபவர்கள் கையெழுத்து வாங்குகிறார்களா ஆசீர்வாதம் வாங்குகிறார்களா என்று சந்தேகம் வரும்.

கோப்புக் கட்டுகளை ஏற்ற அட்டைப்பெட்டி வரவில்லை. ஒரு மண்டிக்காரர் இரவல் கொடுத்த மாங்காய் கிரேட்டுகளில் அடுக்கினேன். நிரந்தரமாகக் காக்க வேண்டிய ஆர்.டிஸ். கோப்புகள் தனி, பத்தாண்டு காக்க வேண்டிய டி.டிஸ். கோப்புகள் தனி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பசை தடவிச் சீட்டு ஒட்டி, ஆண்டும் எண்ணும் எழுதினேன். என் கையெழுத்தின் மேல் எனக்கு எப்போதுமே கொஞ்சம் கர்வம் உண்டு. மூன்றாம் நாள் பார்த்தால் பாதிக்கு மேல் சீட்டுகளைக் காணோம். அறை நிறைய ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் கிரேட்டுகள்.

வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பழைய பட்டா மாறுதல் உத்தரவின் நகலுக்காக மூன்றாவது முறையாக வந்திருந்தார். பழைய கட்டடமாக இருந்தால் கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று "கிடைக்கவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போயிருப்பார். மண்டபத்தில் ஜன்னல் ஏது? எனக்கு எதிரே பந்தி பெஞ்சில் உட்கார்ந்து, நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சீட்டு எதில் ஒட்டினீர்கள்?"

"மைதாப் பசையில், பெரியவரே."

"மாங்காய்ப் பால் பட்ட இடத்தில் பசை நிற்காது சார். விழுந்த சீட்டு ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கும். கட்டைத் தூக்கி அடியில் பாருங்கள்."

பார்த்தேன். ஏழெட்டுச் சீட்டுகளைத் தவிர மற்றவை அந்தந்தக் கிரேட்டின் அடியிலேயே, ஓரம் கறுத்துக் கிடந்தன. மாலைக்குள் அவருடைய நகல் கிடைத்தது. முப்பது ஆண்டு வேலையில் மனுதாரர் ஒருவர் எனக்குப் பதிவறை வேலை சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் முறை. அதற்கு முன் யாரும் என் மேசையைப் பார்க்கிற தூரத்தில் உட்கார்ந்ததில்லை.

எட்டு மாதம் பதினோரு மாதமாகித் திரும்பினோம். சுண்ணாம்புச் சுவர் முட்டை ஓடு போல மினுங்கியது. ஆனால் அந்தக் கம்பி ஜன்னலும் திரும்பி வந்திருந்தது. அது மரபுக் கட்டடத்தில் சேர்ந்ததே அல்ல. வராந்தா வளைவை அடைத்துப் பின்னாளில் வைத்தது. பொறியாளர் எடுத்துவிடத் தயாராகத்தான் இருந்தார். "பழையபடியே இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தது எங்கள் அலுவலகம். லண்டனில் 1941இல் குண்டு விழுந்து எரிந்த மக்களவையைத் திரும்பக் கட்டியபோதும், எல்லா உறுப்பினர்களும் உட்கார இடம் போதாத அதே அளவில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்களாம். அவர்கள் விவாதித்து முடிவு செய்தார்கள். எங்களிடம் அதுவும் இல்லை. ஒரு வரிக் குறிப்பு, கீழே கையொப்பம். நானும் வாய் திறக்கவில்லை.

மறு ஆண்டு அந்தப் பெரியவர் வேறொரு நகலுக்கு வந்தார். புதுத் தளம் போட்டதில் வராந்தா அரையடி இறங்கியிருந்தது. கம்பிக்கு அப்பால் அவருடைய தலைப்பாகையும் நெற்றியும் மட்டும் தெரிந்தன.

"சார், அந்தக் கிரேட் ஒன்று இருந்தால் கொடுங்கள். ஏறி நின்று பேசுகிறேன்."

மண்டிக்காரருக்குத் திருப்பித் தராமல் இரண்டை வைத்திருந்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.