டெக்சாஸ் பிளேனோ நாட்குறிப்பு: காய்கறிக் கடையில் ஒரு துப்பாக்கி

அக்டோபர் 5, 2024, சனி

கொலுச் சுண்டலுக்குச் சாமான் வாங்க அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். காய்கறிப் பக்கம் ஒருவர் கொத்தமல்லிக் கட்டை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது இடுப்பில் பழுப்புத் தோல் உறை, அதற்கு மேலே கறுப்பாகத் துப்பாக்கியின் பிடி. தோலின் ஓரம் தேய்ந்து வெளுத்திருந்தது. தினமும் மாட்டுகிறார் போல. தேங்காய் எடுக்கப் போன மகளின் முகத்துக்கும் அந்தப் பிடிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

"அவரு போலீஸாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு?"

பதில் சொல்லாமல் மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. ஒரு பெண் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு பால் இருக்கும் பக்கம் போனார். ஒரு பெரியவர் துப்பாக்கி மாட்டியிருந்தவரிடம் கால்பந்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். வாழைப்பழம் அடுக்கிய பையன் தலை நிமிரவே இல்லை. நான் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் கை நடுங்குவது தெரிந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

இரவு தூக்கமில்லை. போன வருடம் மே 6 அன்று பக்கத்து ஊர் ஆலன் மாலில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றானே, அதுவும் சனிக்கிழமைதான். அங்கேதான் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்குவோம்.

நேற்றுப் பார்த்தவர் செய்ததில் சட்டப்படி தப்பு இல்லை. டெக்சாஸில் 2016 ஜனவரி 1 முதல் லைசன்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரிய மாட்டிக்கொள்ளலாம். 2021 செப்டம்பர் 1 முதல் லைசன்ஸும் வேண்டாம். வைத்திருக்கத் தடை எதுவும் இல்லாதவர் உறையில் போட்டிருந்தால் போதும். மற்றவர்களைக் கலங்கடிக்கும் நோக்கத்தோடு காட்டினால் குற்றம்.

அந்த நோக்கம் அவர் மனதுக்குள் இருப்பது. நான் பயந்தேனா, மகள் பயந்தாளா என்பது கணக்கிலேயே வராது. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று இரண்டு நொடியில் நான் முடிவு கட்ட வேண்டும். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். மான் வேட்டைக்குப் போகிறவர். 2021 பிப்ரவரிப் பனியில் கரண்ட் போனபோது தன் ஜெனரேட்டரிலிருந்து எங்களுக்கும் ஒயர் இழுத்துக் கொடுத்த மனிதர். அவரும் துப்பாக்கி வைத்திருக்கிறார், ஆனால் சட்டைக்குள். வெளியே காட்டுவது அவருக்குப் பிடிக்காதாம். "சுட வருகிறவன் வெளியே மாட்டியிருப்பவரைத்தான் முதலில் சுடுவான்" என்றார்.

அப்புறம் அவரே மிசூரி மாநிலத்தில் நடந்ததைச் சொன்னார். 2019 ஆகஸ்ட் 3 அன்று இங்கே டெக்சாஸில், எல் பாசோ ஊரின் வால்மார்ட் கடையில் நடந்த சூட்டில் 23 பேர் பலியானார்கள். ஐந்தே நாளில் மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் இன்னொரு வால்மார்ட்டுக்குள் 20 வயதுப் பையன் ஒருவன் குண்டு துளைக்காத உடையும் ரைஃபிளுமாக நுழைந்தான். தன் உரிமையை மதிக்கிறார்களா என்று சோதித்தானாம். தீ அபாய மணியை அடித்து எல்லோரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. அவன் ஒரு குண்டும் சுடவில்லை. ஆனால் ஓடிய அம்மாக்களுக்கு அது எப்படித் தெரியும்? அடுத்த மாதமே, வெளியே தெரியும்படி துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களை வால்மார்ட் கேட்டுக்கொண்டது.

எனக்கு டாலஸ் நினைவு வந்தது. 2016 ஜூலை 7 பேரணியில் கறுப்பினத்தவர் ஒருவர் சட்டப்படிதான் ரைஃபிளோடு நடந்தார். ஐந்து போலீஸ்காரர்கள் கொல்லப்பட்ட அந்த இரவில் அவர் படத்தைத்தான் சந்தேக நபர் என்று போலீஸ் வெளியிட்டது. அவரோ சூடு தொடங்கியதும் தன் துப்பாக்கியை ஒரு போலீஸ்காரரிடம் ஒப்படைத்திருந்தார். தாடி வைத்த என் கணவர் அதே உறையோடு கொத்தமல்லி பொறுக்கியிருந்தால் அந்தப் பெரியவர் கால்பந்து பேசியிருப்பாரா?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அரிவாள்மனை, கத்திரிக்கோல், கார் சாவி எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனம் வைத்தாள். வைத்துக்கொண்டே தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னாள். பன்றி விரட்ட லைசன்ஸ் வாங்கியது. காட்டுக்குக் கொண்டுபோகும்போது சாக்கில் சுற்றித்தான் எடுத்துப் போவாராம். "பிள்ளைகள் பார்த்துப் பயந்திரும்னு." தேர்தல் வந்தால் கோவில்பட்டி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். அந்த ரசீது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும்.

அக்டோபர் 14, திங்கள்

கடை மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். துப்பாக்கியை வெளியே தெரியக் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் போர்டு வைத்தால் போதும். லைசன்ஸ் உள்ளவர்களுக்கு 30.07 என்று சட்டப் பிரிவு எண்ணிலேயே ஒரு போர்டு உண்டு. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாதவர்களுக்குத் தனி போர்டு.

பொறுமையாகக் கேட்டார். தலைமை அலுவலகம்தான் முடிவெடுக்கும் என்றார். போர்டு வைத்துவிடாதீர்கள் என்று முன்பு இரண்டு மூன்று பேர் வந்து சொல்லியிருக்கிறார்களாம். "வையுங்கள் என்று கேட்டது நீங்கள்தான் முதல் ஆள்" என்றார். அன்றைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போன அந்தப் பெண் ஞாபகம் வந்தது. அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 19, சனி

போர்டு வைத்திருக்கும் வேறு கடைக்குப் போனோம். பில் போடும் வரிசையில் மகள் ஒவ்வொருவர் இடுப்பையும் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறாள். ஏழு வயது.

தோழிகள் ஆறு பேரிடம் சொல்லியிருந்தேன். நாலு பேர் பழைய கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்கள்.

"அந்தக் கடைக்கு இனிமே போக மாட்டோமா? அங்கதான் தேங்காய் பெருசா இருக்கும்" என்றாள் மகள்.

போவோம், போர்டு வரட்டும் என்றேன்.